பார்வையற்ற அம்மா, அப்பாவுக்கு ரேடியோ வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் வீட்டுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். வீட்டில் பார்வை இழந்த அப்பாவோ, பாட்டியோ, அண்ணனோ இருந்தால் முதலில் மனசுக்கு வருவது ரேடியோ அல்லது பாட்டுப் பெட்டிதான். உடனே ஆன்லைனில் தேடுவோம், ஸ்டார் ரேட்டிங் பார்ப்போம், ஆஃபரில் இருப்பதை ஆர்டர் போட்டுடுவோம்.

இங்கேதான் பணம் வீணாகுது. அந்த ரேட்டிங் கொடுத்தவங்க எல்லாரும் கண்ணால் பார்த்துப் பயன்படுத்துறவங்க. அவங்களுக்கு நல்லா இருக்கிற பொருள், திரையைப் பார்க்க முடியாதவருக்கு ஊமைப் பெட்டியா இருக்கலாம். நீங்க ஆபீஸ் போனதும் அவர் தனியா அதை ஆன் பண்ண முடியலைன்னா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அது ஷெல்ஃபில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் இதைப் போட்டு விடுப்பா"ன்னு யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும். ரெண்டு வாரத்தில் கேட்பதையே நிறுத்திடுவாங்க.

வீடியோவில் நேரம் போதாமல் வேகமாகச் சொன்ன விஷயங்களை இந்தப் பதிவில் பாடம் மாதிரி வரிசையா பார்க்கலாம். எந்தப் பிராண்ட் பெஸ்ட்னு சொல்வது நோக்கமில்லை. எந்தக் கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் நீங்களே மதிப்பிட ஒரு அளவுகோல் கொடுப்பதுதான் நோக்கம்.

பாடம் 1: விலையைப் பார்க்காதீங்க, ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவுன்னு பாருங்க

ஒரு பொருளின் உண்மையான செலவு இதுதான்:

(வாங்கிய விலை + அதை ஓட்ட ஆகும் செலவு) ÷ அவர் தனியாக அதைக் கேட்ட மணி நேரம்

தனியாக என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். நீங்க பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க.

ஒரு உதாரணம். தினமும் 3 மணி நேரம் கேட்பவர் என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷத்துக்கு 3 × 365 × 5 = 5,475 மணி நேரம்.

- டயல் திருப்பும் சாதாரண ரேடியோ: விலை ₹1,500, பேட்டரிக்கு மாசம் ₹50 வீதம் ₹3,000. மொத்தம் ₹4,500. மணிக்கு சுமார் 82 பைசா.
- ஸ்மார்ட் ஸ்பீக்கர்: விலை ₹5,000. இதுக்காகவே பிராட்பேண்ட் போட்டால் மாசம் ₹500 வீதம் ₹30,000. மொத்தம் ₹35,000. மணிக்கு சுமார் ₹6.40. வீட்டில் ஏற்கெனவே வைஃபை இருந்தால் 91 பைசாதான்.
- வெளிநாட்டு டெய்ஸி பிளேயர் (இதைப் பற்றிக் கீழே சொல்றேன்): ₹45,000 என்று வைத்தால் மணிக்கு சுமார் ₹8.20.
- ஆஃபரில் வாங்கிய ₹3,000 ப்ளூடூத் ஸ்பீக்கர், பத்து மணி நேரம் கேட்டுட்டு மூலையில் போட்டது: மணிக்கு ₹300.

கடைசி வரியைத் திரும்பப் படிங்க. லிஸ்டிலேயே காஸ்ட்லியான பொருள் அதுதான். புத்தகம் படிக்கும் ஆளா இருந்தால் ₹45,000 கருவிகூட அதைவிடப் பல மடங்கு மலிவு.

பாடம் 2: முதலில் ஆளைப் பாருங்க, அப்புறம் கடையைப் பாருங்க

பார்வையற்றவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வாங்கும் பொருளை முடிவு செய்ய நாலு கேள்வி கேட்டே ஆகணும்.

*எப்போது பார்வை போனது?* பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ பார்வை இல்லாதவர் விரல்களால் பொருளை அறிவதில் தேர்ந்தவர். பிரெயில் தெரிந்திருக்கும், புது கருவியைச் சீக்கிரம் பழகிவிடுவார். கண்நீர் அழுத்தத்தாலோ சர்க்கரையாலோ அறுபது வயதில் பார்வை இழந்தவருக்கு அந்தப் பயிற்சி இருக்காது. அவருக்குப் பழைய ரேடியோவின் டயல் ஞாபகம் இருக்கும். அதுவே பெரிய மூலதனம். புதுசா எதையும் கத்துக்க வேண்டாமே!

*விரலில் உணர்ச்சி எப்படி?* பல வருஷமா சர்க்கரை இருப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போவது உண்டு. அவங்களுக்குச் சின்னச் சின்ன பட்டன் வேலைக்கு ஆகாது. பெரிய, இடைவெளி விட்ட, அழுத்தினால் 'டக்'குன்னு சத்தம் வரும் பட்டன் வேணும்.

*கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கா?* இருந்தால் நிற வித்தியாசம் உதவும். கறுப்புப் பெட்டியில் கறுப்பு பட்டன் தெரியாது. வெள்ளை அல்லது மஞ்சள் பட்டன் தெரியும்.

*அவர் என்ன கேட்க ஆசைப்படுறார்?* செய்தியா, பழைய பாட்டா, பக்திச் சொற்பொழிவா, நாவலா, போட்டித் தேர்வுப் பாடமா? இதை நீங்களே யூகிக்காதீங்க. அவர்கிட்ட நேரா கேளுங்க. இளவட்டமா இருந்து படிக்கிறவரா இருந்தால் பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுப்பது தப்பான முதலீடு.

பாடம் 3: பெட்டியில் பார்க்க வேண்டிய எட்டு விஷயம்

1. ஆன்/ஆஃப்: தள்ளும் சுவிட்சோ, திருகினால் 'கிளிக்' ஆகும் வால்யூம் குமிழோ சிறந்தது. தொட்டாலே ஆன் இருக்கா ஆஃப் இருக்கான்னு தெரிஞ்சிடும். மூணு செகண்ட் அழுத்திப் பிடிக்கும் பட்டனில் அந்த வசதி கிடையாது. ராத்திரி முழுக்க ஓடி பேட்டரி காலியாவது இப்படித்தான்.

2. மோட் பட்டன்: மலிவு ஸ்பீக்கர்களில் ஒரே பட்டனை அழுத்த அழுத்த ப்ளூடூத், எஃப்எம், யூஎஸ்பி, மெமரி கார்டு என்று மாறிக்கொண்டே போகும். எங்கே நிற்கிறோம் என்று திரையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவர் தொலைஞ்சு போவார். வாயால் சொல்லணும், அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பட்டன் இருக்கணும்.

3. ஸ்டேஷன் பிடிக்கும் விதம்: டயல் ரேடியோவில் காதாலேயே பிடிக்கலாம், திரை வேண்டாம். டிஜிட்டல் ரேடியோ என்றால் 1, 2, 3 என்று ஸ்டேஷனைச் சேமித்து வைக்கும் பட்டன்கள் வெளியே இருக்கணும். மெனுவுக்குள் போய்த் தேடும் மாடல் வேண்டவே வேண்டாம்.

4. மீடியம் வேவ் இருக்கா? இதைப் பலபேர் கவனிப்பதே இல்லை. எஃப்எம் அலை ஓரளவு தூரம்தான் எட்டும். நகரத்தைத் தாண்டிய ஊர்களில் ஆகாசவாணியை மீடியம் வேவில்தான் தெளிவாகப் பிடிக்க முடியும். சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் மீடியம் வேவ்தான். 'எஃப்எம் ஸ்பீக்கர்' என்று விற்பதில் பெரும்பாலும் இது இருக்காது. ஷார்ட்வேவ் பேண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பே 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

5. விட்ட இடத்தில் தொடருமா? சொற்பொழிவோ நாவலோ கேட்கும்போது கரண்ட் போய் மறுபடி ஆன் பண்ணினால் முதல் ஃபைலில் இருந்து ஆரம்பிக்கும் பெட்டி, கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கும். கடையிலேயே ஒரு பென் டிரைவ் போட்டு, பாதியில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.

6. சார்ஜ் போடும் துளை: டைப்-சி என்றால் எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகும். பழைய மைக்ரோ யூஎஸ்பிக்கு மேல் கீழ் பார்க்கணும். பார்வையற்றவருக்கு இது தினசரித் தொல்லை. சார்ஜ் ஏறுதுன்னு சிவப்பு விளக்கு மட்டும் காட்டினால் போதாது, சின்னதா ஒரு 'பீப்' வந்தால் நல்லது.

7. பேட்டரி: சின்ன ரேடியோக்களில் பழைய நோக்கியா போனில் வந்த பிஎல்-5சி பேட்டரி போடும் மாடல்கள் உண்டு. ஊர் மொபைல் கடையிலேயே கிடைக்கும், மாத்துவதும் சுலபம். உள்ளேயே ஒட்டி வைத்த பேட்டரி என்றால் அது போனதும் முழுப் பெட்டியும் போச்சு. கரண்டில் மட்டும் ஓடும் பெட்டி வேண்டாம்.

8. பென் டிரைவா, மெமரி கார்டா? மைக்ரோ எஸ்டி கார்டு விரல் நகம் அளவுதான். கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பென் டிரைவ் சொருகும் பெட்டியை எடுங்க. 'பாட்டு' ஒன்று, 'நாவல்' ஒன்று என்று தனித்தனி பென் டிரைவ் கொடுத்து, ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் தொட்டே அடையாளம் தெரியும்.

பாடம் 4: என்னென்ன வகை இருக்கு?

டயல் ரேடியோ (சுமார் ₹800 முதல் ₹2,500): ரேடியோ மட்டும் போதும் என்கிற பெரியவங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பிடித்த ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் டயல் பக்கத்தில் எம்-சீலை மிளகு அளவு உருட்டி ஒட்டிவிடுங்க. ஸ்டிக்கர் பொட்டு ரெண்டு நாளில் உதிர்ந்துடும், எம்-சீல் உதிராது.

பாட்டு ஏற்றிய பிளேயர் (சுமார் ₹2,000 முதல் ₹7,000): சரிகம கார்வான் மாதிரி பெட்டிகள். பெரிய மாடலில் 5,000 பாட்டு ஏற்றியே வரும், பென் டிரைவும் போடலாம். இணையமே வேண்டாம் என்பது பெரிய பிளஸ். ஆனால் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதைத் தொட்டோ கேட்டோ அறிய முடியுமான்னு அவரையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க.

கீபேட் போன் (சுமார் ₹1,500 முதல் ₹3,000): மறந்துபோன நல்ல ஆப்ஷன். மேடான பட்டன், 5 மேல் சின்ன புள்ளி. சில மாடல்களில் இயர்போன் சொருகாமலே எஃப்எம் கேட்கும். அவசரத்துக்குப் போனும் ஆச்சு.

ஸ்மார்ட்போன்: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று திரையை வாசிக்கும் வசதி உள்ளேயே இருக்கு, இலவசம். ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலும் உண்டு. இளைஞர்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ். வேலைக்கும் படிப்புக்கும் சேர்த்து உதவும். எழுபது வயதில் புதுசா கத்துக்கொள்பவருக்கு மட்டும் பொறுமையும், பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆளும் வேணும்.

ஸ்மார்ட் ஸ்பீக்கர்: கையே தேவையில்லை, வாயால் கேட்டால் போதும். ஆனால் அலெக்ஸாவோடு இந்தியாவில் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேச முடியும். "பாட்டு போடு"ன்னு தமிழில் மட்டும் பேசும் பாட்டிக்கு வாங்கிக் கொடுத்துட்டு அவங்களைக் குறை சொல்லக் கூடாது. நெட் போனால் பெட்டியும் ஊமை.

டெய்ஸி பிளேயர்: பார்வையற்றவர்களுக்காகவே செய்யப்பட்டது. டெய்ஸி என்பது பேசும் புத்தகத்துக்கான உலகத் தரம். சாதாரண எம்பி3-யில் முன்னும் பின்னும் ஓட்டித்தான் தேட முடியும். டெய்ஸியில் அத்தியாயம், பக்கம் என்று தாவலாம், புக்மார்க் வைக்கலாம். கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனத்தின் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் இதில் பிரபலம். எல்லாம் மேடான பட்டன், எல்லாவற்றையும் வாயால் சொல்லும். விலை 500 டாலருக்கு மேல், அதுபோக கூரியரும் வரியும். வாங்கும் முன் ஒரே கேள்வி: மெனுவும், எழுத்தை வாசிக்கும் குரலும் தமிழில் இருக்கா? குரல் தமிழில் இல்லைன்னா தமிழ் எழுத்து ஃபைலை அது வாசிக்காது. பதிவு செய்த ஒலிப் புத்தகம் மட்டும்தான் கேட்கலாம்.

பாடம் 5: கேட்க என்ன இருக்கு? பெரும்பாலும் இலவசம்

பெட்டியை வாங்கிட்டு உள்ளே போட எதுவும் இல்லைன்னா அதுவும் நஷ்டம்தான். இந்தியாவில் இதுக்குச் சட்டமே உதவியா இருக்கு. 2012 காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காக அதைக் கேட்கும் வடிவில் மாற்ற அனுமதி உண்டு. இதையே உலக அளவில் சொல்லும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.

2016-ல் தொடங்கிய 'சுகம்யா புஸ்தகாலயா' ஆன்லைன் நூலகத்தில் பல இந்திய மொழிப் புத்தகங்கள் இருக்கு. பார்வைக் குறைபாட்டுக்கான சான்று கொடுத்து உறுப்பினராகலாம். ப்ராஜெக்ட் மதுரையில் பழைய தமிழ் நூல்கள் எழுத்து வடிவில் இலவசம். போனின் தமிழ்க் குரலை வைத்து வாசிக்கச் சொல்லலாம். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி பென் டிரைவில் புதுசு ஏற்றிக் கொடுங்க. சந்தா எதுவும் கட்டாமலே ஒரு மாசம் ஓடும்.

பாடம் 6: அரசு உதவியும் வரிக் கணக்கும்

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதாவது யூடிஐடி. அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40% குறைபாடு என்று சான்று வேணும். ஒரு கண் நல்லா தெரிந்து இன்னொரு கண் மட்டும் போயிருந்தால் 30% என்றுதான் கணக்கிடுவாங்க, அதனால் கிடைக்காது.

மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவிக் கருவிகள் கொடுக்கிறாங்க. சம்பளத்துக்குப் போகும் நீங்க வருமான வரம்பைத் தாண்டியிருக்கலாம். ஆனால் ஊரில் தனியா இருக்கும் உறவினருக்கு உதவும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிங்க. பூந்தமல்லியில் இருக்கும் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்தையும் குறித்துக்கொள்ளுங்க.

இப்போ வரி. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தோருக்காகச் செலவு செய்தால் ₹75,000 கழிவு. குறைபாடு 80% அல்லது அதற்கு மேல் என்றால் ₹1,25,000. எவ்வளவு செலவு செய்தீங்க என்பதைப் பொறுத்து இது மாறாது. ரேடியோ விலைக்குத் தனியா கழிவு கிடையாது. அவரே தன் வருமானத்தில் 80யு கழிவு எடுத்தால் நீங்க 80டிடி எடுக்க முடியாது.

நல்லா இருக்கே என்று அவசரப்படாதீங்க. இது பழைய வரிமுறையில் மட்டும்தான். 2025-26 கணக்கில் ₹9 லட்சம் சம்பளம் என்று வையுங்க. பழைய முறையில் நிலையான கழிவு ₹50,000, 80சி ₹1,50,000, 80டிடி ₹1,25,000 எல்லாம் போக ₹5,75,000. செஸ் சேர்த்து வரி ₹28,600. புதிய முறையில் அதே சம்பளத்துக்கு வரி பூஜ்யம்! சம்பளம் ₹12.75 லட்சம் வரை இப்படித்தான். அதுக்கு மேல் வாங்குறவங்க, வீட்டுக் கடன், எச்ஆர்ஏ எல்லாம் இருந்தால் ரெண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்க. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு.

இன்னொரு விஷயம். விலை கூடின கருவியை 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் எடுத்தால் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் வரும். ஆறு மாசம் சேர்த்து வாங்குவது பெட்டர்.

பாடம் 7: கடையில் பத்து நிமிஷச் சோதனை

ஆன்லைனில் பல பொருளுக்கு, பழுது இருந்தால் மட்டும்தான் மாற்றிக் கொடுப்பாங்க. "எங்க அப்பாவால் இயக்க முடியலை" என்பது பழுதில் சேராது. அதனால் முடிந்தவரை கடைக்கு அவரையே கூட்டிட்டுப் போங்க. முடியலைன்னா நீங்க கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்க. கூச்சப்படாதீங்க, உங்க காசு.

- ஆன் பண்ணி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கணும்.
- ஒரு ஸ்டேஷனில் இருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வரணும்.
- பென் டிரைவ் சொருகணும், எடுக்கணும்.
- சார்ஜர் வயரைச் சொருகணும்.
- ஆஃப் பண்ணிட்டு, ஆஃப் ஆனதை உறுதி செய்யணும்.
- கடைசியா மீட்புச் சோதனை: நீங்க நாலஞ்சு பட்டனைக் கண்டபடி அழுத்திவிட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுங்க. அவரால் பழைய ஸ்டேஷனுக்கு வர முடியுதா?

இந்த ஆறாவதுதான் உண்மையான பரீட்சை. தப்பா கை பட்டுடுமோ என்ற பயம் இருந்தால் யாரும் ஒரு பொருளைத் தொட மாட்டாங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் பழையபடி பாடும் பெட்டி என்றால் தைரியமா கை வைப்பாங்க.

வாங்கி வந்த பிறகு ஒரே இடத்தில் வையுங்க. சுத்தம் பண்ணும்போது நகர்த்தினால் அதே இடத்தில் திரும்ப வைக்கச் சொல்லுங்க. சார்ஜர் வயரை அந்த இடத்திலேயே கட்டி வையுங்க. காதை முழுசா மூடும் ஹெட்போன் வேண்டாம். பார்வை இல்லாதவருக்குச் சுற்றுப்புறம் தெரிவதே காதால்தான்: குக்கர் விசில், வாசல் மணி, யாரோ நடந்து வரும் சத்தம் எல்லாம். சின்ன ஸ்பீக்கரோ ஒரு காது இயர்போனோ போதும்.

சுருக்கமா சொன்னா...

- ரேடியோ மட்டும் போதும் என்கிற பெரியவர்: மீடியம் வேவ் உள்ள டயல் ரேடியோ.
- பழைய பாட்டு, சொற்பொழிவு: பென் டிரைவ் போடும், விட்ட இடத்தில் தொடரும் பிளேயர்.
- படிக்கும், வேலை தேடும் இளைஞர்: டாக்பேக்கோடு ஸ்மார்ட்போன். நாள் முழுக்கப் புத்தகம் என்றால் டெய்ஸி பிளேயருக்குப் பணம் சேர்க்கலாம்.
- ஆங்கிலம் பேசுபவர், வீட்டில் வைஃபை உண்டு: ஸ்மார்ட் ஸ்பீக்கர்.

வாங்கிய ஒரு மாசம் கழித்து ஒரு சின்ன ஆடிட் பண்ணுங்க. நீங்க வீட்டில் இல்லாத நேரத்தில் போன் போட்டு, "இன்னிக்கு ரேடியோவில் என்ன கேட்டீங்க?"ன்னு விசாரிங்க. யார் உதவியும் இல்லாமல் கேட்டதைக் கதை கதையா சொன்னாங்கன்னா, நீங்க போட்ட பணம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். "யாரும் போட்டுக் கொடுக்கலையே"ன்னு பதில் வந்தால் பாடம் 3-க்குத் திரும்பி வாங்க. ஒரு எம்-சீல் பொட்டு ஒட்டினாலே சரியாகும் பிரச்சினையா இருக்கலாம்; புதுப் பெட்டி வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.

உங்க வீட்டில் பயன்படுத்தும் ரேடியோ இந்த ஆறு சோதனையில் எத்தனை பாஸ் ஆச்சுன்னு கமெண்டில் சொல்லுங்க.